சீனித்தம்பி அண்ணன்ட குடையும் என்ட மோட்டர் கடையும்

மோட்டர் திருத்துற தொழிலில ஒரு நிம்மதி இருக்கு: மோட்டர் தனக்கு என்ன வருத்தமெண்டு மறைக்காது, அதைக் கொண்டு வாற ஆளுதான் "நான் ஒண்டும் செய்யல்ல, தானாத்தான் நிண்டது" எண்டு சொல்லும்.

கடை வெச்சிருக்கிற ஆக்களே, நீங்க என்ன எதிர்பார்த்து இதை விரிச்சிருக்கிறீங்க எண்டு எனக்குத் தெரியும். "ஆக்களைக் கடைக்கு இழுக்க அஞ்சு வழி" எண்டு நான் தொடங்குவன். நீங்க தலையாட்டுவீங்க. நாளைக்குக் காலம கடை திறக்கக்குள்ள கண்ணாடிக்கு முன்னால நிண்டு சிரிச்சுப் பழகுவீங்க. இல்லையா? இப்ப நீங்க தலையாட்டுற விதத்தையும் எனக்குச் செஞ்சு காட்ட ஏலும். ஆனா பேனையை மூடி வெச்சிருங்க. கடையைப் பெருப்பிக்கிற வித்தை என்னட்ட இல்ல. கூட்டமும் குறையாம, சிரிப்பும் குறையாம ஒரு கடையை எப்படிச் சாகடிக்கிற எண்டு கேளுங்க, அதில இந்த வாழைச்சேனையில என்னை வெல்ல ஆளில்ல.

என்ட கடை, தண்ணி மோட்டர் திருத்தி அதுக்குரிய சாமானும் விக்கிற கடை. பேரெழுதின பலகை பெரிசாத் தொங்கினாலும் சனம் சொல்லுறது "வாய்க்காரன்ட கடை" எண்டுதான். ஆரெண்டாலும் என்னோட கொஞ்ச நேரம் கதைச்சாப் போதும், அவரை அப்படியே அச்சொட்டாத் திருப்பிக் காட்டிருவன். பள்ளிக்கூடத்தில படிக்கக்குள்ளயே ஜன்னலுக்கு வெளிய மறைஞ்சு நிண்டு, அதிபர்ட குரல்ல பேசி, ஒரு முழு வகுப்பையும் வீட்டுக்கு அனுப்பினவன் நான். அந்த வாயை நம்பித்தான் கடையைத் திறந்தன்.

என்ன சத்தம் போடுது?

மோட்டர் பழுதாகி வாற ஆளுக்கு என்ன பழுதெண்டு சொல்லத் தெரியாது. "அது ஒரு மாதிரி இரிக்கி" எண்டுதான் சொல்லும். "சரி, சத்தத்தைப் போட்டுக் காட்டுங்க" எண்டா வெக்கம். அதால நானே ஒவ்வொண்டாப் போடுவன். "ம்ம்ம்ம்" எண்டு முனகிக்கிட்டுச் சுத்தாம நிக்குதா? கபாசிட்டர் போயிட்டு. "க்ரீஈஈச்" எண்டு கத்துதா? பெயாரிங் தேஞ்சிட்டு. நல்லாச் சுத்துது, ஆனா தண்ணிக்குப் பதிலா "புஸ், புஸ்" எண்டு காத்தைத் துப்புதா? கிணத்துக்குள்ள கிடக்கிற வால்வு பிடிக்கல்ல. சாப்பாட்டுக் கடையில என்னென்ன இருக்கெண்டு ஒப்புவிக்கிற மாதிரி நான் வரிசையாச் சத்தம் போட, அவங்க "இதுதான், இதுதான்!" எண்டு கையைத் தட்டுவாங்க.

அப்படி வந்தவர்தான் சீனித்தம்பி அண்ணன். கிரான் பக்கத்து வயல் வட்டையில வெள்ளாமை செய்யிற ஆள். ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார். ஏனெண்டு இந்தப் பக்கத்தில நாங்க ஆரும் ஆரையும் கேக்கிறல்ல. காசு குடுக்கிற நேரம் சட்டைப் பையைத் தட்டிப் பாப்பார், திரும்பவும் தட்டிப் பாப்பார், கடைசியில சாரன் மடிப்புக்குள்ள இருந்துதான் காசு வரும். நான் போட்ட "புஸ், புஸ்" சத்தத்தைக் கேட்டு மனிசன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார்.

அதுக்குப் பிறகு வீட்டு மோட்டர், வட்டை மோட்டர், தங்கச்சி வீட்டு மோட்டர் எண்டு எல்லாம் என்னட்டத்தான். போதாததுக்கு, மோட்டர் வாங்கோணும் எண்டு சந்தியில ஆரும் கதைச்சா அவங்கட கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து என்ட மேசைக்கு முன்னால நிப்பாட்டுவார். அப்படியொரு ஆள் எந்தக் கடைக்காரனுக்கும் கிடைக்கோணும், இது மட்டும்தான் நான் மனசாரச் சொல்லுற அறிவுரை. முதல் நாள் மோட்டரைத் தூக்கிக்கிட்டுப் போகக்குள்ள அவர் சொன்னது: "மனே, மோட்டரை நீயே வெச்சுக்கோ, உன்ட வாயைக் கழட்டித் தா, நான் கிணத்தடியில பூட்டுறன்."

பழசைக் கையில குடு

ஒரு நல்ல பழக்கம் என்னட்ட இருந்தது, மறைக்காமச் சொல்லோணும். மாத்தின சாமானை ஒரு நாளும் நான் குப்பையில போட்டதில்ல. தேஞ்ச பெயாரிங்கோ வெடிச்ச கபாசிட்டரோ, ஒரு கடதாசியில சுத்தி வந்த ஆள்ட கையில குடுத்திருவன். மாத்தாமலே மாத்தினன் எண்டு நினைக்கக் கூடாதில்லையா? நீங்களும் செய்யுங்க. சந்தேகப்படுற ஆளுக்குக்கூட வாய் அடைஞ்சிரும்.

அடையாத வாயும் இருக்கு. பேத்தாழையில இருந்து ஒரு அக்கா வந்தா, மீன் வாடியில வேலை, குரல் கரையில நிண்டு தோணியைக் கூப்பிடுற குரல். எண்ணெய் வடியிற பழைய பெயாரிங்கை அவட கையில வெச்சன். திருப்பித் திருப்பிப் பாத்தா. மோந்தும் பாத்தா. மறுகா என்னைப் பாத்துச் சொன்னா: "இதை வெச்சு நான் என்னகா செய்ய, எங்கட மனிசன்ட கழுத்திலயா கட்டுற?"

வெறும் பெட்டியில குந்தின கூட்டம்

அந்த அக்கா ரோட்டைத் தாண்டி முடியல்ல. கடைக்குள்ள நிண்ட ஓட்டோக்கார ராசனுக்கு நான் அவவைச் செஞ்சு காட்டினன். மோந்து பாத்ததையும்தான். ராசன் சிரிச்ச சிரிப்பில பக்கத்துக் கடைக்காரனும் ஓடி வந்தான், அவனுக்காக இன்னொருக்கா. அதுதான் தொடக்கம்.

ஆள் நிக்கிற கடைக்குத்தான் ஆள் வரும் எண்டு வியாபாரம் தெரிஞ்ச எல்லாரும் சொல்லுவாங்க. நானும் நம்பி, மோட்டர் வந்த வெறும் மரப்பெட்டிகளை வாசல்ல வரிசையாப் போட்டன். பின்னேரமானா ஓட்டோக்காரர், வாடியில வேலை முடிஞ்ச ஆக்கள் எண்டு எல்லாரும் வந்து குந்திருவாங்க. சாமான் வாங்க ஒருத்தர் வருவார், வாங்குவார், போவார். அவர் அந்த மூலையில கிறுகித் திரும்பி மறையிற வரைக்கும் கடையில ஒரு சத்தமும் இராது. மறைஞ்ச அந்தக் கணத்தில எழும்புவன். முந்தினாலும் கெட்டுது, பிந்தினாலும் கெட்டுது. ஒரு வோசரை வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்து, கண்ணாடியைக் கழட்டிப் பாத்து, மறுகா போட்டுப் பாக்கிற வங்கி ஐயா. "நான் சும்மா பாத்துட்டுப் போவமெண்டு வந்தனான்" எண்டு சொல்லிச் சொல்லியே விலையைப் பாதியாக்கிற டீச்சர். முதல்ல குரல், மறுகா கை, கடைசியா நடை. நடைக்குத்தான் சிரிப்புக் கூட, ஆனபடியால ஆரைச் செஞ்சாலும் நடையிலதான் முடிப்பன்.

எல்லாரையும்விடப் பெரிசாச் சிரிக்கிறது சீனித்தம்பி அண்ணன். பெட்டியில இருந்து விழப் பாப்பார். என்ட மனிசி புஷ்பா பின்னுக்கு இருந்து கொயில் கம்பி சுத்துறவ, அவ மட்டும் திரைச்சீலையைத் தூக்கி எட்டிப் பாத்துட்டுப் போயிருவா. ஒரு நாள் கூட்டம் கலைஞ்ச பிறகு வெளிய வந்து பெட்டியைத் தடவிப் பாத்துச் சொன்னா: "இஞ்ச பாருங்க, இருந்து இருந்து பெட்டிதான் தேஞ்சு போச்சு, சாமான் வெச்ச இடத்திலேயே கிடக்கு, இது என்ன வியாபாரம்?"

முன்னுக்கு ஒரு பேசாத கடை

அப்பதான் ரோட்டுக்கு அங்கால நௌபர் கடை போட்டான். ஓட்டமாவடிப் பொடியன், என்னை விட நல்லா இளமை. அதே மோட்டர், அதே சாமான், அதே விலை. வாசல்ல பெட்டியில்ல, பாட்டில்ல, பகடியில்ல. ஆள் போனாத் தலையைத் தூக்கிப் பாப்பான், அவ்வளவுதான். நான் கூட்டத்துக்கு அவனையும் செஞ்சு காட்டினன். ஒண்டும் பேசாம, கண்ணை மட்டும் சிமிட்டிக்கிட்டு அப்படியே இருந்தன். சனம் உருண்டு பிரண்டு சிரிச்சுது. பேசாத ஆளைச் செய்யிறது லேசில்லப்பா, நேரம் பிசகாம இருக்கோணும்.

ஆனா ஆக்கள் அங்க போகத் தொடங்கிட்டாங்க. முதல்ல டீச்சர், மறுகா வங்கி ஐயா. என்ன வசியம் வெச்சிருக்கான் எண்டு அறிய, ராசனை விசளம் பாக்க அனுப்பினன். அவன்ட வீட்டு மோட்டரும் உண்மையிலேயே பழுது. போய்க் குடுத்துட்டு, பெரிய யோசனையோட திரும்பி வந்து சொன்னான்: "அண்ணே, அந்தாள் ஒண்டும் கேக்கல்ல, வெச்சிட்டுப் போங்க, அசர் தொழுகைக்குப் பிறகு வாங்க எண்டு மட்டும்தான் சொன்னது, ஆனா அங்க இருந்து வெளிய வரக்குள்ள முதுகு சுடல்ல."

ஆணியில தொங்கின குடை

முதுகு சுடல்ல எண்டா என்ன அர்த்தம்? நௌபர்ட வாசல்ல பின்னேர வெயில் விழாது, என்ட வாசல்ல விழும். இதுதான் விசயம் எண்டு நான் மறு நாளே ஆளைப் பிடிச்சு வாசலுக்குத் தகடு போட்டன். கடையில ஒரு குறை இருந்தாக் கண்டுபிடிச்சு உடனே திருத்தோணும் எண்டு சொல்லுவாங்களே, அப்படி.

அந்த மாரியில ஒரு பின்னேரம் சீனித்தம்பி அண்ணன் வந்து ஒரு வால்வு வாங்கினார். போகக்குள்ள மழை விட்டிருந்தது, குடையை மறந்துட்டார். கறுப்புக் குடை. பிடி உடைஞ்சதை நான்தான் செம்புக் கம்பியால சுத்திக் குடுத்திருந்தன். அவர் போய்க் கொஞ்ச நேரத்தில மழை மறுகா பிடிச்சுது. கூட்டம் தகட்டுக்குக் கீழ ஒதுங்கி நிண்டுது, நாங்களும் வழமை போலப் பகடியோட நேரத்தைப் போக்கினம். குடை மேசையில கிடந்தது. எடுக்க வருவார் எண்டு பாத்தன், வரல்ல. ரோட்டில போற ஆளுக்குத் தெரியிற மாதிரி முன்னுக்கு ஆணி அடிச்சுத் தொங்க விட்டன். சைக்கிள்ல போவார். நான் குடையை ஆட்டிக் கூப்பிடுவன். அவர் மற்றப் பக்கம் பாத்துக்கிட்டு மிதிப்பார். வயசு போகுது, காது மந்தமாகிட்டாக்கும் எண்டு நினைச்சன்.

கோடை வந்திட்டு. கிணறு வத்தி, மோட்டர் எல்லாம் ஓடி ஓடிக் களைச்சுப் பழுதாகிற காலம், எங்கட தொழிலுக்கு அறுவடை. எனக்கு ஒண்டுமில்ல. "இந்தக் கோடையிலயும் ஓடாட்டி கடையை மூடுவம்" எண்டு புஷ்பா சொல்லிட்டா. கோபமாச் சொல்லியிருந்தா அவவைச் செஞ்சு காட்டியிருப்பன், மெதுவாச் சொன்னதால ஏலாமப் போச்சு. அடுத்த நாள் பாத்தா, நௌபர்ட மேசையில சீனித்தம்பி அண்ணன்ட மோட்டர். நீலப் பெயின்ட் அடிச்சது நான், எனக்குத் தெரியாதா? பொறுக்கேலாம ரோட்டைத் தாண்டிப் போய், "இது என்ட ஆள்ட மோட்டரெல்லா, இது எப்படி இஞ்ச வந்த?" எண்டு கேட்டன். நௌபர் மோட்டரைப் பாத்தான், என்னைப் பாத்தான், மறுகா மோட்டரைப் பாத்துச் சொன்னான்: "பழுதாகி வந்த, அண்ணன்."

மூண்டு குரல்ல ஒரு விளம்பரம்

விலையைக் குறைச்சன். வெளிச்சம் போட்ட பலகை மாட்டினன். பேஸ்புக்கில பக்கம் திறந்து மோட்டர் படம் போட்டன். ஆரும் பாக்கல்ல, மச்சான் மட்டும் கத்தார்ல இருந்து ஒரு பூப்படம் போட்டிருந்தான். கடைசியில ராசன்ட ஓட்டோவில ஒலிபெருக்கி கட்டினம். அதில நான் பதிஞ்ச விளம்பரம் இருக்கே, அதைப் போல இந்த மாவட்டத்தில ஆரும் கேட்டிருக்க மாட்டாங்க. வங்கி ஐயா குரல்ல ஒரு ஆள் சந்தேகம் கேப்பார், டீச்சர் குரல்ல ஒரு ஆள் விலை கேப்பா, நடுவில மோட்டர் "ம்ம்ம்ம்" எண்டு முனகும். பேரா சொன்னன்? சொல்லல்ல. ஆனா ஊருக்குப் பேர் தேவையில்ல.

கல்குடா ரோட்டில இருந்து கிரான் வரைக்கும் ஓட்டோ போச்சுது. படலைக்குப் படலை சனம் வந்து நிண்டுது. சின்னப் பிள்ளைகள் பின்னால ஓடினாங்க. விளம்பரம் வெற்றி, அதில மாற்றுக் கதையில்ல. நான் கடையில கதிரையைத் துடைச்சு, தேத்தண்ணிக்குச் சீனியும் வாங்கி வெச்சிட்டுக் காத்திருந்தன். டெலிபோன் அடிச்சுது. ஒரு தங்கச்சி, கதைக்கத் தொடங்கவே சிரிப்பு, சிரிப்பை அடக்கிக்கிட்டுச் சொன்னா: "அண்ணன், எங்கட மோட்டர் நல்லாத்தான் இரிக்கி, மகன்ட பிறந்தநாளுக்கு வந்து ரெண்டு பேரைச் செஞ்சு காட்டிட்டுப் போவீங்களா?"

சிரிக்காத ஒரு ஆள்

அப்படி இருக்கக்குள்ளதான் சின்னக் கடைக்காரர் எல்லாரும் சேந்து ஒரு கூட்டம் வெச்சாங்க. வாடிக்கையாளரை எப்படிச் சேக்கிற எண்டு பேச ஆரைக் கூப்பிட்டாங்க தெரியுமா? என்னைத்தான். வாசல்ல எந்த நேரமும் ஆள் நிரம்பி இருக்கிற ஒரே கடை என்ட கடைதானாம். நான் மறுக்கல்ல. மண்டபத்தில இருக்கிற எல்லார்ட வீட்டிலயும் கிணறு இருக்கு, மோட்டர் இருக்கு. இதில விட்டா எனக்கு வேற வழியில்ல. சட்டையை மினுக்கித் தந்துட்டுப் புஷ்பா கெஞ்சுற மாதிரிச் சொன்னா, அங்கயாவது மோட்டரைப் பத்திக் கதைங்க எண்டு. ஓமெண்டு சொல்லிட்டு, ஆணியில தொங்கின குடையையும் கையில எடுத்துக்கிட்டுப் போனன். நல்ல வாடிக்கையாளர் எப்படி இருப்பார் எண்டு காட்ட வேணுமே.

மோட்டரைப் பத்தித்தான் தொடங்கினன். ரெண்டு பேர் கொட்டாவி விட்டாங்க. ஒரு "க்ரீஈஈச்" போட்டன், நிமிந்தாங்க. மறுகா வங்கி ஐயா வந்தார், டீச்சர் வந்தா, மண்டபம் குலுங்கிச்சு. கடைசியா, "இப்பிடி ஒரு ஆள் உங்களுக்கும் கிடைக்கோணும்" எண்டு சொல்லிட்டுச் சீனித்தம்பி அண்ணனைக் கொண்டு வந்தன். உண்மையா, அன்பிலதான். சட்டைப் பையைத் தட்டி, திரும்பவும் தட்டி, "மனே, உன்ட வாயைக் கழட்டித் தா" எண்டு சொல்லி, குடையைக் கையில கொழுவிக்கிட்டு, மேடையில அந்தத் தொங்கல்ல இருந்து இந்தத் தொங்கல் வரைக்கும் காலை இழுத்து இழுத்து நடந்தன். கதிரையெல்லாம் சத்தம் போட்டுது. மேசையில அடிச்சுச் சிரிச்சாங்க.

வாசலடியில பிளேன்ரீத் தட்டோட ஒரு அக்கா நிண்டா. அவ மட்டும் சிரிக்கல்ல. என்னைப் போல ஆக்களுக்கு ஒரு வருத்தம் இருக்கு: மண்டபம் முழுக்கச் சிரிச்சாலும் சிரிக்காத ஒரு முகத்தைத்தான் கண் தேடிப் பிடிக்கும். மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடிச்சு, "என்னகா, உங்களுக்குச் சிரிப்பு வரல்லையா, இல்லாட்டித் தேத்தண்ணிக்குச் சீனி போதாதா?" எண்டு கேட்டன். இன்னும் சிரிச்சாங்க. அவ தட்டைக் கதிரையில வெச்சா. கையைச் சீலையில துடைச்சா. சண்டைக்கு வந்த குரலில்ல, கேட்டதுக்குப் பதில் சொல்லுற குரல்.

"நான் அவர்ட பக்கத்து வீடு, தம்பி. அண்டைக்கு மழைக்குள்ள இந்தக் குடையை எடுக்கத்தான் மனிசன் திரும்பி வந்தவர். நீங்க இப்ப நடந்தீங்களே, இப்பிடித்தான் அங்கயும் நடந்துக்கிட்டு இருந்தீங்களாம், எல்லாரும் சிரிச்சாங்களாம். வாசல்ல நிண்டு பாத்துட்டு நனைஞ்சு நனைஞ்சு வீட்ட வந்துட்டார். எங்கட தெருவில மோட்டர் பழுதானா ஆரும் உங்களிட்ட வராததுக்கு வேற ஒண்டுமில்ல, கிறுகினா முதுகுக்குப் பின்னால நீங்க எழும்புவீங்க எண்டு எல்லாருக்கும் தெரியும். குடையைத் தாங்க, நான் கொண்டு குடுக்கன்."

கோடை முடியக் கடையை மூடிட்டன், இப்ப நௌபர்ட கடையில பின்னறைக்குள்ள இருந்து மோட்டர் திருத்துறன், சீனித்தம்பி அண்ணன்ட நீல மோட்டரும் என்ட கையாலதான் சுகமாகிப் போகுது, திருத்தினது ஆரெண்டு மட்டும் அவருக்கு இன்னும் தெரியாது, ஏனெண்டா நௌபர் தேவையில்லாம ஒரு சொல்லுச் சொல்லுற ஆளில்ல.